பழைய ஃப்ரூட் மெஷினுக்கு எந்த பேட்டரி? மூன்று வகையைப் போட்டுப் பார்த்தேன், நிலைத்தது பட்டன் செல்

1980களில் இங்கிலாந்தின் பப்களில் நின்ற ஃப்ரூட் மெஷின், அதாவது காசு போட்டால் படம் போட்ட ரீல்கள் சுழலும் சூதாட்ட மெஷின், ஒன்று என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. 1993இல் செல்லாக்காசான பெரிய 10 பென்ஸ் நாணயங்களை அதற்காகவே ஒரு டப்பா நிறைய சேர்த்து வைத்திருக்கிறேன். ஒருநாள் சுவிட்சைப் போட்டால் கண்ணாடிக்குப் பின்னாலிருக்கும் ட்யூப்லைட் மட்டும் எரிந்தது. சின்ன விளக்குகளில் ஒன்றுகூட மினுங்கவில்லை, ரீல்களும் அசையவில்லை.

மல்டிமீட்டரை எடுத்துப் பார்த்தேன். 6809 பிராசஸரின் 7ஆம் காலில் 5 வோல்ட் சரியாக வந்தது. ரீசெட் காலான 37 மட்டும் 0.3 வோல்ட்டிலேயே கிடந்தது. அது மேலே ஏறினால்தான் பிராசஸர் வேலையைத் தொடங்கும். அந்தக் காலிலிருந்து போகும் செப்புத் தடத்தைப் பிடித்துக்கொண்டே போனால் பேட்டரி மூலையில் போய் முடிந்தது: பச்சையும் கறுப்புமாக அரிப்பு, தொட்டதும் உதிரும் செப்புத் தடம்.

அந்தக் காலத்து சர்க்யூட் போர்டுகள் பலவற்றிலும், ஃப்ரூட் மெஷின் நிறுவனமான பார்க்ரெஸ்ட்டின் எம்பியு 4 உட்பட, ராம் நினைவைக் காக்க போர்டிலேயே ஒரு ரீசார்ஜ் பேட்டரி உண்டு. என்னுடையதில் இருந்தது 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம். வடிவமைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பப்பில் தினமும் ஓடி, தினமும் சார்ஜ் ஏறி, சில வருடத்தில் ஓய்வுபெற வேண்டிய மெஷினுக்கு அது பொருத்தமான பேட்டரிதான். முப்பது வருடம் தாண்டியும் யாரோ ஒருவர் வீட்டில் மாதம் ஒருமுறை ஓடும் என்று அவர்கள் எப்படி நினைத்திருப்பார்கள்?

கசிந்தது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது காரம். வெள்ளை வினிகரை பல்துலக்கும் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்து, தண்ணீரில் அலசி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். இரண்டு ஐசி சாக்கெட்டுகளை மாற்றி, அறுந்த தடங்களுக்கு மெல்லிய கம்பி இழுத்துச் சால்டர் வைத்ததும் ரீசெட் ஏறியது, மெஷின் எழுந்துகொண்டது. அடுத்த கேள்வி, அந்த மூலையில் இனி எதைப் போடுவது?

முதலில் போட்டது அதே அளவு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. வோல்ட்டேஜ் ஒன்றுதான், போர்டில் எதையும் மாற்ற வேண்டாம், பத்தே நிமிட வேலை. ஆனால் உள்ளே இருப்பதும் அதே காரம்தான். சார்ஜ் இறங்கி மாதக்கணக்கில் கிடந்தால் இதுவும் கசியும். வயர் இழுத்து போர்டுக்கு வெளியே மரப்பெட்டியில் ஒட்டிவிட்டால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு, நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். காரம் வயரின் செப்பு இழைகளுக்கிடையே, பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே ஊர்ந்து போர்டு வரை வந்துவிடும். பழைய ரேடியோ ஒன்றில் வயரை உரித்துக் கறுத்த செப்பைக் கண்டபிறகு அந்த நம்பிக்கை போனது. இரண்டே மாதத்தில் அந்தப் பேட்டரியைக் கழற்றிவிட்டேன்.

இப்போது இருப்பது சிஆர் 2032 பட்டன் செல். இது லித்தியம், சார்ஜ் செய்யக்கூடாதது. போர்டோ 5 வோல்ட்டிலிருந்து பேட்டரிக்கு எப்போதும் சார்ஜ் அனுப்பிக்கொண்டிருக்கும். அதனால் செல்லின் பிளஸ்ஸிலிருந்து போர்டை நோக்கி, கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்று கட்டாயம். அந்த டயோடு ஷார்ட் ஆகிவிட்டால் செல் சூடாகி வெடிக்கலாம். அதற்காக 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும் வரிசையில் சேர்த்தேன், போர்டின் சார்ஜிங் ரெசிஸ்டரையும் கழற்றினேன். டயோடில் அரை வோல்ட் போனாலும் 2.5 வோல்ட் மிஞ்சும். நினைவைப் பிடித்துவைக்க ராம் சிப்புக்கு 2 வோல்ட் போதும்.

அந்த ரெசிஸ்டரால் இன்னொரு நன்மையும் உண்டு. மெஷினை அணைத்துவிட்டு அதன் இரு முனையிலும் மில்லிவோல்ட் அளந்தால், வரும் எண்தான் மைக்ரோஆம்ப். எனக்கு வந்தது 4. செல்லின் கொள்ளளவு சுமார் 225 மில்லிஆம்ப் மணி, கணக்குப்படி ஆறு வருடத்துக்கு மேல் தாங்கும். உங்கள் ராம் பழைய ரகமாக இருந்தால் கரண்ட் பல மடங்கு கூட இழுக்கும். அளக்காமல் என் எண்ணை நம்பிவிடாதீர்கள்.

எனக்கு முடிவைத் தந்தது ஆயுள் கணக்கு அல்ல, மறந்துபோனால் என்ன ஆகும் என்பதுதான். நான் ஊரில் இல்லாமல், உடம்பு முடியாமல், எட்டு வருடம் அந்தக் கதவு திறக்கப்படவில்லை என்று வையுங்கள். பட்டன் செல் தீர்ந்தால் பெரும்பாலும் நினைவு அழிவதோடு சரி. என் மெஷினில் ஒரு பிழை எண் காட்டும், ரீசெட் செய்தால் காசு வரவு செலவுக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நிக்கல் வகை செத்தால் போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். கணக்கைத் திரும்ப எழுதிக்கொள்ளலாம், முப்பது வருடத்துக்கு முந்தைய போர்டைப் புதிதாக எங்கே வாங்குவது? பழைய மெஷின் வாங்க வருபவர்கள் பேட்டரி மூலையின் படத்தை முதலில் கேட்பதும் இதனால்தான்.

மூன்றாவது, 1 ஃபாரட் சூப்பர் கெபாசிட்டர், சின்ன பேட்டரி போல மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் பாகம். இரண்டாவது போர்டு ஒன்றில் மட்டும், ஏழு மாதமாகத்தான் வைத்திருக்கிறேன். அதைவிட அதிகமாக என்னால் சாட்சி சொல்ல முடியாது. நிக்கல் வகையின் காரம் இதில் இல்லை, டயோடும் வேண்டாம், போர்டின் சார்ஜிங்கே போதும். 4.4 வோல்ட்டிலிருந்து 2 வரை இறங்க, 4 மைக்ரோஆம்பில் ஏழு நாள் என்று கணக்கு. அதிலிருந்து சார்ஜ் தானாக வடிவதும் சேர்ந்து எனக்கு நினைவு ஐந்து நாள் நின்றது. வாரத்தில் இரண்டு முறை மெஷினைப் போடுகிற வீட்டில் இதையே முதலில் சொல்வேன். என் வீட்டில் ஒவ்வொரு முறையும் பிழை எண்ணோடுதான் எழுகிறது.

பட்டன் செல்லை போர்டில் வைக்கவில்லை. கதவின் உட்புறம், கை எட்டும் இடத்தில் ஹோல்டரைத் திருகி, போட்ட தேதியைப் பக்கத்தில் மார்க்கரால் எழுதியிருக்கிறேன். ஆறு வருடம் வரை காத்திருக்கப் போவதில்லை, மூன்றாம் வருடமே மாற்றிவிடுவேன்.