86,000 ரூபாய் போச்சு: வீட்டுக் குழாய் மாற்றப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. சமையலறைச் சுவரிலிருந்து தண்ணீர் கசிந்து, அரிசி டப்பா வைத்திருந்த அலமாரி வரை ஊறிவிட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆள் பிடிக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

எங்கள் வீடு சென்னையில், 1991-இல் அப்பா கட்டியது. எல்லாமே ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். சில வருடங்களாகவே காலையில் முதல் ஒரு வாளி துருத் தண்ணீர்தான். சம்ப்பிலிருந்து மேல் டேங்குக்கு ஏறும் லைன், அங்கிருந்து சமையலறைக்கும் குளியலறைகளுக்கும் இறங்கும் லைன் எல்லாவற்றையும் மாற்ற முடிவு செய்தோம். அம்மா சீட்டு எடுத்த பணம் இருந்தது. வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு ஆப்பில் 299 ரூபாய் கட்டி, பார்வையிட ஒருவரை வரவழைத்தேன்.

வந்தவர் செருப்பை வாசலிலேயே கழற்றினார். மாடிக்குப் போய் பழைய குழாயின் ஒரு வளைவுத் துண்டைக் கழற்றிக்கொண்டு வந்து அம்மா கையில் கொடுத்தார். உள்ளே துரு அடைத்து, பென்சில் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை. "இந்தத் தண்ணியையா குடிக்கிறீங்கம்மா? எங்க அம்மாவா இருந்தா விடுவேனா?" என்றார். அங்கேதான் விழுந்தோம். அம்மா காபி போடப் போய்விட்டார்.

முழுக்க சிபிவிசி பைப் (வெந்நீரையும் தாங்கும் பிளாஸ்டிக் குழாய்), எஸ்டிஆர் 11 (குழாயின் தடிமனைக் குறிக்கும் எண்) என்று தாளில் எழுதிக் கொடுத்தார். "ஆப் வழியா போட்டா கமிஷன் போயிடும் சார், நேரா அனுப்புங்க, ஆறாயிரம் குறைச்சுக்கலாம்." அன்று சாயங்காலமே 50,000 அனுப்பினேன். பூச்சு வேலைக்கு முதல் நாள் இன்னொரு 36,000. மொத்தம் 86,000 ரூபாய், ஒரு பில்கூட இல்லாமல்.

பூசும் நாளில் நான் ஆபீஸில். பைப்புக்குள் பம்ப்பால் தண்ணீரை அழுத்தி ஏற்றி, கசிகிறதா என்று பார்க்கும் பிரஷர் டெஸ்ட் பண்ணியாச்சா என்று போனில் அவரைக் கேட்டேன். "பண்ணிட்டோம் சார், ஒரு சொட்டு இல்ல." அப்படி ஒரு பம்ப்பையே யாரும் கொண்டுவரவில்லை என்று அம்மா பிறகுதான் சொன்னார்.

பூசிய பதினோராம் நாள் சுவரில் ஈரம். கூப்பிட்டேன். "புதுப் பூச்சு சார், காயும்." நான்கு நாள் கழித்து, "பையனை அனுப்புறேன்." பையன் வரவில்லை. அப்புறம், "ஊர்ல ஒரு சாவு சார்." அதற்கப்புறம் போனே எடுக்கவில்லை. அம்மா போனிலிருந்து கூப்பிட்டால் எடுத்தார், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். ஆப்காரர்களிடம் போனால், "எங்கள் வழியாக நடந்தது 299 ரூபாய் பார்வையிடல் மட்டும், அது முடிந்துவிட்டது" என்று மூன்று முறை புகாரை மூடிவிட்டார்கள்.

இன்று காலை பக்கத்துத் தெரு பிளம்பர் சுவரைத் திறந்து காட்டினார். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும் வெண்ணெய் நிற சிபிவிசி. சுவருக்குள் முழுக்க வெள்ளை யூபிவிசி, அதில் ஒரு எழுத்தும் இல்லை. கீசரிலிருந்து வரும் லைனும் அதே வெள்ளை பைப்! அது பச்சைத் தண்ணீருக்கான பைப். 60 டிகிரிப் பக்கம் போனாலே இளகும். திருப்பத்தில் பைப்பை இணைக்கும் எல்போவிலிருந்து கழன்று கிடந்தது. கீசர் லைனில் இதைப் போட்டவருக்கு, எங்கள் அம்மா அங்கேதான் குளிக்கிறார் என்பது தெரியாதா? 86,000 ரூபாய் வாங்கிக்கொண்டு செய்த வேலை இது. திரும்ப உடைத்து, பைப் ஓட்டி, டைல்ஸ் ஒட்ட இன்னும் நாற்பதாயிரம் ஆகுமாம்.

விவரமாக எழுத நேரமில்லை, இதை மட்டுமாவது கேளுங்கள். ஆப்பில் பிடித்த ஆளுக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். சிபிவிசி என்றால் பைப் மேல் ஐ.எஸ். 15778 (அதற்கான இந்தியத் தர எண்) என்று அச்சிட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு நீளத்தையும் புரட்டிப் பாருங்கள். பைப் பதிக்கச் சுவரில் வெட்டிய காடியைப் பூசி மூடுவதற்கு முன்னால் நீங்களே நின்று பிரஷர் டெஸ்ட் பாருங்கள், போட்டோ எடுங்கள். அதுவரை கடைசிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். நான் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பில் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்கள்.

பிளம்பர் கூப்பிடுகிறார், மோட்டாரை நிறுத்தப் போகிறேன்.