பொங்கலுக்கு வாடகைத் திருவிழா: மேளத்துக்குக் கொடுங்கள், செட்டுக்கு வேண்டாம்

மார்கழி பிறந்ததுமே சென்னை ஓஎம்ஆர் பக்கத்து அபார்ட்மென்ட் சங்கங்களின் வாட்ஸாப்பில் 'கிராமத் திருவிழா பேக்கேஜ்' சுற்ற ஆரம்பித்துவிடும். ஓலைக் குடிசை, தெர்மாகோல் மாடு, செல்ஃபி வளைவு, கரகாட்டம், பொய்க்கால் குதிரை, ராட்டினம், காற்றடைத்த சறுக்கு, பஞ்சுமிட்டாய் எல்லாம் ஒரே ரேட்டில். இதில் பாதி தண்டம்.

முதலில் கேட்க வேண்டியது: கரகாட்டத்துக்கு வாசிக்கும் நையாண்டி மேளம் உண்டா? லாபம் பார்க்க பேக்கேஜ்காரர்கள் முதலில் கழற்றிவிடுவது அதைத்தான். இரண்டு நாயனம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு என்று ஆறு பேரை ஊரிலிருந்து வண்டியேற்றுவதற்குப் பதில், ஆட்டக்காரர் இருவரையும் ஒரு பென்டிரைவையும் அனுப்பிவிடுகிறார்கள். கரகாட்டம் தவிலோடு பேசிக்கொண்டே போகிற ஆட்டம். தலையில் கரகத்தோடு வளைந்து கண்ணிமையால் ஊசி எடுக்கும்வரை தவில்காரர் அடியை இழுத்துப் பிடித்திருந்து, எடுத்ததும் கொட்டி முடிப்பார். பென்டிரைவ் காத்திருக்காது. செல்ஃபி வளைவை வெட்டினால் மிச்சமாகும் பணத்தில் தவில் செட் ஒன்றாவது வந்துவிடும்.

அடுத்தது தரை. பொய்க்கால் கட்டைக்கு வழவழப்பான டைல்ஸ் எமன். கார்பெட் விரித்தால் கட்டை மாட்டும். பேவர் பிளாக் பதித்த உள்சாலையே சரியான இடம். ராட்டினத்தைக் கையால் சுற்றுவதாகக் கேளுங்கள், கரண்ட் கவலை இல்லை. ஆனால் மழைநீர் வடிய விட்ட வாட்டத்தில் நாலு காலும் ஒட்டி நிற்காது. பலகை கொடுத்து மட்டம் பார்த்த பிறகே குழந்தைகளை ஏற்ற வேண்டும்.

பறையாட்டம் பனியிறங்கும் முன் முடிவது நல்லது. ஈரத்தில் தோல் தொய்ந்து சத்தம் மந்தமாகும். வைக்கோல் தீயில் காய்ச்சினால்தான் திரும்ப இறுகும். தீ மூட்ட செக்யூரிட்டி விடமாட்டார் என்பதால் சில குழுக்கள் ஃபைபர் பறையோடு வருகின்றன. காய்ச்ச வேண்டாம்தான், தோலின் அதிர்வும் கிடையாது. திறந்தவெளியில் ஒரு மூலை, இரண்டு வாளித் தண்ணீர் ஒதுக்கித் தோல்பறையே கேளுங்கள். பொங்கல் அடுப்பை வெறும் டைல்ஸ் மேல் வைத்தால் சூட்டில் வெடிக்கும். மூன்று அங்குலம் மணல் கொட்டி அதன்மேல் செங்கல் அடுக்க வேண்டும்.

அதிகம் சொதப்புவது காற்றடைத்த சறுக்கு. ஊதி மோட்டார் நிற்காமல் ஓடினால்தான் அது நிற்கும். பஞ்சுமிட்டாய் மிஷினையும் அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினால் எம்சிபி (லோடு கூடினால் கரண்ட்டை நிறுத்தும் சுவிட்ச்) விழும், சறுக்கு குழந்தைகள்மேல் மடியும். தனி லைன், பக்கத்திலேயே ஓர் ஆள், இரண்டும் கட்டாயம். சறுக்கை இழுத்துக்கட்ட பேஸ்மென்ட் கூரைமேல் முளை அடிக்க முடியாது. ஒவ்வொரு வளையத்துக்கும் மணல்மூட்டை கட்டியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். மணிக்கு 38 கிலோமீட்டருக்கு மேல் காற்றடித்தால் சறுக்கையே இறக்கிவிட வேண்டும்.

பஞ்சுமிட்டாய் வெள்ளையாகத்தான் இருக்கணும். துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் சிக்கியதால்தான் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு தடை போட்டது. ஜவ்வுமிட்டாயின் ரோஸ் நிறத்தையும் அதே கண்ணோடு பாருங்கள்.

மைக் இரவு 10 மணிக்கு நின்றாக வேண்டும், சட்டமே அப்படி. கலைஞர்களுக்குச் சாப்பாடு, உடை மாற்ற அறை, கழிப்பறை எதுவும் பெரும்பாலும் பேக்கேஜில் வராது. கிளப் ஹவுஸ் சாவியை மதியமே வாங்கி வையுங்கள். மேக்கப்புக்கே இரண்டு மணி நேரம் ஆகும்.