என்எச்எஸ் சைட்டை காதால படிச்சுப் பாத்தேன்

உடம்புக்கு எதாவதுன்னா கூகுள்ல தேடி பயந்து சாகறதுக்கு பதிலா நேரா என்எச்எஸ் (இங்க இருக்க அரசு மருத்துவ சேவை) சைட்டுக்கு போங்கன்னு இங்கிலாந்துல இருக்க நம்மாளுங்க எல்லாருக்கும் சொல்லுவேன், ஆனா இந்த ரிவ்யூ முக்கியமா என்னை மாதிரி பார்வை கம்மியானவங்களுக்கு. நான் லேப்டாப்ல என்விடிஏ, போன்ல வாய்ஸ்ஓவர், ரெண்டும் திரையில இருக்கறத வாசிச்சுக் காட்ற ஸ்கிரீன் ரீடருங்க. 5க்கு 4 ஸ்டார், அந்த ஒண்ணு ஏன் போச்சுன்னு கீழ சொல்றேன்.

இது முன்னாடி என்எச்எஸ் சாய்ஸஸ்ங்கற பேர்ல இருந்துச்சு, 2007ல ஆரம்பிச்சது. 2018ல அந்தப் பேரைத் தூக்கிட்டு வெறும் என்எச்எஸ் வெப்சைட்னு ஆக்குனாங்க, டிசைனும் கொஞ்சம் கொஞ்சமா மாறுச்சு. அதே வருஷம் அரசு சைட் எல்லாம் மாற்றுத்திறனாளிங்களும் யூஸ் பண்ற மாதிரி இருக்கணும்னு சட்டம் வந்துச்சு, பழைய சைட்டுங்களுக்கு 2020 செப்டம்பர் 23 வரைக்கும் டைம். இப்படி சட்டம் வந்தா நிறைய பேர் என்ன பண்றாங்கன்னா ஓரமா ஒரு வீல்சேர் படம் போட்ட பட்டனை வச்சுடறாங்க, அமுக்கினா எழுத்து பெருசாகும் கலர் மாறும், உள்ள இருக்கறது அதே குப்பைதான், இடிஞ்ச சுவத்துக்கு வெள்ளையடிச்ச கதை. இவங்க அத பண்ணல. தனி பட்டனும் இல்ல தனி வெர்ஷனும் இல்ல, எல்லாருக்கும் ஒரே பக்கம், அந்தப் பக்கத்தையே ஒழுங்கா கட்டிருக்காங்க.

எனக்கு ரொம்ப பிடிச்சது அந்த அட்வைஸ் பெட்டிங்கதான். நீலப் பெட்டின்னா அவசரமில்ல, ஜிபிய, அதாவது குடும்ப டாக்டர, பாருங்க. சிவப்புன்னா இன்னிக்கே யார்கிட்டயாவது பேசுங்க, 111ங்கற என்எச்எஸ் உதவி நம்பருக்காவது அடிங்க. சிவப்போட கறுப்பும் இருந்தா உடனே எமர்ஜென்சி நம்பர் 999க்கு அடிங்க, அல்லது ஆஸ்பத்திரி எமர்ஜென்சியான ஏ அண்ட் ஈக்கு ஓடுங்க. கலரே தெரியாதவனுக்கு இதுல என்ன பிரயோஜனம்னு கேப்பீங்க. ஒவ்வொரு பெட்டி ஹெட்டிங்குக்கு முன்னாடியும் கண்ணுக்கு தெரியாம சின்னதா ஒண்ணு ஒளிச்சு வச்சிருக்காங்க, ஸ்கிரீன் ரீடர் மட்டும் அத வாசிக்கும்: "நான்-அர்ஜென்ட் அட்வைஸ்", "அர்ஜென்ட் அட்வைஸ்", "இமீடியட் ஆக்ஷன் ரிக்வயர்ட்". அதுவும் ஹெட்டிங்லயே வர்றதால என்விடிஏல ஹெட்டிங் ஹெட்டிங்கா தாவற எச் கீய தட்டிட்டே போனா போதும், நெஞ்சு வலி பக்கத்துல முழுசா படிக்காமலே எப்ப ஆம்புலன்ஸ் கூப்பிடணும்ங்கற இடத்துக்கு வந்துடலாம், மூச்சு வாங்கிட்டு இருக்கறவன் பாரா பாராவா கேட்டுட்டு உக்காந்திருக்க முடியுமா என்ன.

அடுத்தது போட்டோ. தோல் வியாதி பக்கத்துல படத்துக்கு கீழ "லாங் டிஸ்கிரிப்ஷன்"னு ஒண்ணு மடிச்சு வச்சிருக்கும், திறந்தா கொப்புளம் எப்படி இருக்கு, என்ன நிறம், எந்த நிறத் தோல்ல எடுத்ததுன்னு வார்த்தையில சொல்லிடும். அம்மைப் பக்கத்துல பிரவுன் தோல்ல எடுத்த படமும் இருக்கு. வெறுமனே "சிவப்பா தடிக்கும்"னு எழுதினா நம்ம தோலுக்கு எங்க உதவப் போகுது?

கொஞ்சம் பார்வை இருக்கவங்களுக்கு: லைட் கிரே பேக்ரவுண்ட், எழுத்து கறுப்புக்கு பக்கத்துல, டேப் அமுக்கிட்டு போனா நாம நிக்கற லிங்க் பளிச்சுனு மஞ்சளாகும். இங்கிலீஷும் 9லருந்து 11 வயசு பசங்களுக்கு புரியற அளவுல எழுதணும்னுதான் அவங்க ஸ்டைல் கைடே சொல்லுது. வாக்கியம் சின்னதா இருக்கறதால பிரவுசர்ல தமிழுக்கு மாத்தினாலும் என் மாமியாருக்கு ஓரளவு புரியுது, ஆனா மருந்து அளவுக்கெல்லாம் அத நம்பாதீங்க, இங்கிலீஷ் தெரிஞ்சவங்கள வச்சு ஒருதடவ சரிபாத்துக்கோங்க.

இப்ப குறை. மாத்திரை பக்கங்கள் கடுப்பு. பாராசிட்டமால்னு போனா யார் சாப்பிடலாம், எப்படி சாப்பிடணும், சைட் எஃபெக்ட்னு தனித்தனி பக்கமா உடைச்சிருக்காங்க, கண்ணு தெரியறவங்களுக்கு அது நீட்டா இருக்கலாம், எனக்கு ஒவ்வொண்ணுக்கும் புதுப் பக்கம் திறந்து மறுபடி மேலருந்து இறங்கி வரணும். 24 மணி நேரத்துல 500 மில்லிகிராம் மாத்திரை 8க்கு மேல கூடாதுங்கற விஷயத்துக்கு இவ்ளோ நடை தேவையா?

அதவிட பெரிய குறை சைகை மொழி. பிஎஸ்எல்தான் (பிரிட்டிஷ் சைகை மொழி) தாய்மொழியா இருக்க காது கேக்காதவங்களுக்கு இங்கிலீஷ் ரெண்டாவது பாஷை, எவ்ளோ எளிமையா எழுதினாலும் எழுத்து எழுத்துதான். 2022ல பிஎஸ்எல்ல அங்கீகரிச்சு சட்டமே போட்டாச்சு, 999க்கே சைகை மொழில வீடியோ கால் வந்தாச்சு, ஆனா பெரும்பாலான நோய் பக்கங்கள்ல ஒரு பிஎஸ்எல் வீடியோ கிடையாது. ஸ்டார் போனது இதுக்குத்தான்.

இன்னொண்ணு, இது இவங்க தப்பு இல்ல. இங்க படிச்சு முடிச்சு ஜிபிய பாக்கணும்னு முடிவு பண்ணி சர்ஜரி (ஜிபி கிளினிக்க இங்க அப்படித்தான் சொல்லுவாங்க) சைட்டுக்கு போனா அது வேற உலகம். ஒரு சர்ஜரில, பேர் வேண்டாம், அப்பாயின்ட்மென்ட் ஃபார்ம்ல எந்தக் கட்டத்துக்கும் லேபிளே இல்ல, என்விடிஏ "எடிட், எடிட், எடிட்"னு கத்துது, பேர் எங்க பிறந்த தேதி எங்கன்னு யூகிச்சு அடிக்கணும். இத்தனைக்கும் என்எச்எஸ் டிசைன்ல இருக்க ஃபார்ம், பட்டன், அந்த அட்வைஸ் பெட்டி எல்லாத்தோட புரோகிராம் கோடும் கிட்ஹப்ங்கற கோட் பகிர்ற சைட்ல ஓப்பனா ஃப்ரீயா கிடக்கு, எடுத்துப் போட்டுக்க வேண்டியதுதானே.