திங்கள் முதல் சனி வரை பேட்டரி என்ன செய்கிறது?

ரிமோட்டில் ஓட்டும் ஆர்சி கார், விமானம் என்று புதிதாக இறங்குகிறவர்கள் பேட்டரி வாங்கும்போது முதலில் கேட்பது, "எது அதிக வேகம் தரும்?" என்றுதான். நான் அதைக் கடைசியில் கேட்பேன். ஞாயிறு காலை கால் மணி நேரம் ஓடப்போகிற பேட்டரி, மிச்ச ஆறு நாளும் உங்கள் அலமாரியில் எந்த நிலையில் கிடக்கும்? நிக்கல் மெட்டல் ஹைட்ரைடும் லிப்போ எனப்படும் லித்தியம் பாலிமரும் பிரிகிற இடம் அதுதான்.

நிக்கல் செல்லுக்கு 1.2 வோல்ட். ஆறு செல் சேர்ந்த 7.2 வோல்ட் பேக்தான் தொடக்கநிலைக் கார்கள் பலவற்றில் கூடவே வருவது. 3000 மில்லி ஆம்பியர் மணி பேக் ஏறக்குறைய 350 கிராம் இருக்கும், கனம்தான். ஆக்சிலேட்டரை முழுசாக அழுத்தினால் வோல்டேஜ் தொய்ந்துவிடும். ஆனால் அடி தாங்கும், நம் மறதியையும் தாங்கும். சார்ஜ் நிறைந்தபடியே ஒரு மாதம் விட்டால், கால்வாசியைத் தானாக இழந்திருக்கும், அவ்வளவுதான். அந்தக் குறையும் வேண்டாம் என்றால் 2005இல் சான்யோ கொண்டுவந்த எனிலூப் வகை செல்கள் இருக்கின்றன. ரிமோட்டுக்கு நான் அதைத்தான் போடுகிறேன். காரோடு இலவசமாக வரும் சுவர் சார்ஜரை மட்டும் நம்பாதீர்கள். பேட்டரி நிறைந்ததை உணர்ந்து நிறுத்தத் தெரியாமல் சூடேற்றிக்கொண்டே இருப்பவை அவற்றில் உண்டு.

லிப்போ வேறு ரகம். செல்லுக்கு 3.7 வோல்ட், நிறைந்தால் 4.2. மூன்று செல், 2200 மில்லி ஆம்பியர் மணி பேக் 180 கிராம் சுமாருக்குத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் ஆற்றலோ 24 வாட் மணி. மேலே சொன்ன நிக்கல் பேக்கில் இருப்பது 21 சொச்சம். பாதி எடையில் அதைவிடக் கூடுதல் என்றால், விமானம் வைத்திருப்பவரிடம் பேச்சுக்கே இடமில்லை. 25சி என்று ஸ்டிக்கரில் போட்டிருந்தால் 2.2 ஆம்பியரை 25ஆல் பெருக்கி, 55 ஆம்பியர் வரை இழுக்கலாம் என்று அர்த்தம். ஸ்டிக்கரை நான் அப்படியே நம்புவதில்லை, மனசுக்குள் பாதியாக்கிக்கொள்வேன்.

இப்போது அலமாரிக் கதை. ஒரு ஐப்பசி சனிக்கிழமை இரவு நான்கு லிப்போக்களை முழுசாகச் சார்ஜ் செய்து வைத்தேன். விடிந்தால் மழை. அடுத்த ஞாயிறும் மழை. மூன்று வாரம் கழித்துப் பெட்டியைத் திறந்தால் இரண்டு பேக் பூரி மாதிரி உப்பிக் கிடந்தன. லிப்போவை முழு சார்ஜிலும் வைக்கக் கூடாது, காலியாகவும் வைக்கக் கூடாது. செல்லுக்கு 3.8 வோல்ட் சுமாரில் வைக்க வேண்டும். நல்ல சார்ஜரில் இதற்கென்றே 'ஸ்டோரேஜ்' என்று ஒன்று இருக்கும். பறக்கவில்லையா, அன்று மாலையே அதைப் போட்டுவிடுங்கள்.

இன்னொரு தப்பும் செய்திருக்கிறேன். நிக்கலோடு வந்த காரில் லிப்போவை மாட்டினேன், வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் எந்த வகை பேட்டரி என்று சொல்லும் குட்டி ஜம்பரை, அதாவது செருகியை, மாற்றவில்லை. நிக்கல் என்றே நினைத்து அது கடைசி வரை உறிஞ்சியது. செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டது. அப்படி இறங்கிய பேக்கை மறுபடி சார்ஜ் ஏற்றிப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம்.

லிப்போவைச் சார்ஜ் செய்யும்போது, எல்லா செல்லும் சமமாக நிறைய உதவும் பேலன்ஸ் ஒயரையும் மாட்டுங்கள், பேட்டரி வகையையும் செல் எண்ணிக்கையையும் சரிபாருங்கள், 1சி, அதாவது மேலே சொன்ன மூன்று செல் பேக்குக்கு 2.2 ஆம்பியர், போதும். திரைச்சீலை, மெத்தை பக்கம் வேண்டாம். நான் சிமென்ட் தரையில் ஒரு மண் சட்டிக்குள் வைப்பேன், பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல். சார்ஜ் ஏறும்போது வீட்டை விட்டுப் போவதில்லை, தூங்குவதும் இல்லை. விமானம் தரையில் குத்தினால் பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்து, அரை மணி நேரமாவது கண் வைத்திருப்பேன். உள்ளே நசுங்கியது தாமதமாகவும் தீப்பிடிக்கலாம். உப்பியதைக் குத்திப் பார்க்கவே கூடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் எந்த லிப்போவையும் விட்டுவிட்டு வராதீர்கள்.

இடையில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றொரு சாதுவும் உண்டு. செல்லுக்கு 3.3 வோல்ட், நிறைந்தால் 3.6. லிப்போ அளவுக்குத் தீக்குணம் இல்லை. இரண்டு செல் பேக்கின் 6.6 வோல்ட்டைத் தாங்கும் சர்வோக்கள் (திருப்பும் குட்டி மோட்டார்கள்) என்றால், ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கு இதைவிட நிம்மதி இல்லை. லிப்போ முறையில் சார்ஜ் போட்டால் மட்டும் கெட்டுவிடும். 18650, 21700 என்ற எண்களில் வரும் லித்தியம் அயான் உருளைச் செல்கள் அதே எடைக்கு லிப்போவைவிட அதிக நேரம் தரும், ஆனால் திடீரென்று நிறைய ஆம்பியர் கேட்டால் பெரும்பாலானவை திணறும். நிதானமாக வெகுதூரம் பறப்பவருக்கு அது, குட்டிக்கரணம் அடிப்பவருக்கு அல்ல. பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்தெடுத்த செல்களை நான் தொடுவதே இல்லை.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பையன், பத்தாம் வகுப்பு, காரைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அங்கிள், இதுக்கு லிப்போ போடலாமா?"

"போன ஞாயிறு ஓட்டினியே, அந்த பேட்டரி எங்கே?"

காரைத் திருப்பிக் காட்டினான். அதற்குள்ளேயே மாட்டியபடி இருந்தது, ஒட்டியிருந்த சேறு காய்ந்து போய்.

இன்னொரு நிக்கல் பேக்கே வாங்கச் சொன்னேன்.