ஒரே ஸ்ட்ராட், மூன்று விலை: கோலாலம்பூர் வியர்வையில் சில வருடங்கள்

ஸ்குவையர் அஃபினிட்டி, ஸ்குவையர் கிளாசிக் வைப், மெக்சிகோவில் செய்த ஃபெண்டர் பிளேயர். இந்த மூன்று ஸ்ட்ராட்டும் (ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி எலக்ட்ரிக் கிட்டார்கள்) எங்கள் செந்தூல் வீட்டில் இருக்கின்றன. முதலாவது அண்ணன் மகனுடையது, இரண்டாவது என்னுடையது. மூன்றாவதை எங்கள் இசைக்குழு நண்பர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும்போது என்னிடம் விற்றுவிட்டுப் போனார். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா மேடை, பிறந்தநாள் விருந்து என்று மூன்றையும் மாற்றி மாற்றி வாசித்துச் சில வருடங்கள் ஆகிவிட்டன. "எது வாங்கலாம் அண்ணே?" என்று கேட்கும் தம்பிகளுக்கு வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

விலை இங்கே ஏறக்குறைய இப்படி: அஃபினிட்டி ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி (ரிங்கிட்), கிளாசிக் வைப் இரண்டாயிரத்துச் சொச்சம், பிளேயர் நாலாயிரம் வாக்கில். மேடைக்குக் கீழிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். 1954-ல் ஃபெண்டர் கொண்டுவந்த அதே உடல், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் மூன்று பிக்கப், 648 மில்லிமீட்டர் தந்தி நீளம். ஸ்குவையரும் ஃபெண்டரின் பெயர்தான், 1982-ல் ஜப்பானில் ஆரம்பித்த வரிசை. அப்படியென்றால் அந்த மூவாயிரம் வெள்ளி எங்கே போகிறது?

சவுண்டில் போகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஓரளவுக்கு உண்மை. அஃபினிட்டியில் இருப்பது செராமிக் காந்த பிக்கப். கொஞ்சம் கூர்மையாக, முன்னால் வந்து நிற்கும். மற்ற இரண்டிலும் அல்னிகோ, அதாவது அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்தம். அறையில் ஆம்பைச் சுத்தமான சவுண்டில் வைத்து, கழுத்துப் பக்க பிக்கப்பில் மெதுவாக ஒரு மெலடி வாசித்தால் வித்தியாசம் நன்றாகவே கேட்கும். அல்னிகோவில் ஒவ்வொரு சுரமும் உருண்டு வரும். ஆனால் மண்டபத்தில் டிரம்ஸ், இரண்டு கீபோர்டு, தபேலா எல்லாம் சேர்ந்த பிறகு? ஒரு வரவேற்பில் முதல் பாதிக்கு அஃபினிட்டியும் அடுத்த பாதிக்கு பிளேயரும் எடுத்தேன். பக்கத்திலேயே நின்ற கீபோர்டுகாரருக்குக்கூடத் தெரியவில்லை. கிளாசிக் வைப்புக்கும் பிளேயருக்கும் நடுவில் வைத்துப் பந்தயம் கட்டினால் நானே தோற்றுவிடுவேன்.

இரைச்சலும் அப்படித்தான். மண்டபத்து டிம்மர் விளக்கு எரிந்தால் ஸ்ட்ராட்டில் இருக்கும் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் 'ம்ம்ம்' என்று முனகும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த முனகலின் சுருதியும் அதைப் பிடித்துத்தான் வரும். ஆயிரம் வெள்ளிக் கிட்டாரும் முனகும், நாலாயிரம் வெள்ளிக் கிட்டாரும் முனகும். நடு பிக்கப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டிருந்தால் பிக்கப்பை மாற்றும் சுவிட்சின் இரண்டாம், நான்காம் நிலைகளில் அடங்கிவிடும். அதிக விலை கொடுத்துத்தான் இதை வாங்க வேண்டும் என்றில்லை.

உண்மையான வித்தியாசம் இடது கையில்தான் தெரியும். இதை யாரும் அதிகம் பேசுவதில்லை, நம் ஊர்க்காரர்களுக்கோ இதுதான் முக்கியம். கிளாசிக் வைப்பின் நெக்கில் (கை பிடிக்கும் கழுத்துப் பகுதி) பளபளப்பான வார்னிஷ். கடையில் ஏர்கோனில் வாசிக்கும்போது அழகு, வழவழப்பு. அதையே மாலை மழை விட்ட பிறகு திறந்த மேடையில் எடுங்கள். நாலாவது பாட்டிலேயே கட்டைவிரல் ஒட்ட ஆரம்பித்துவிடும். மேலிருந்து கீழே வேகமாக இறங்கும்போது கை அங்கங்கே பிடித்துப் பிடித்து வரும். அஃபினிட்டியின் நெக்கும் பிளேயரின் நெக்கின் பின்பக்கமும் பளபளப்பில்லாத மேட் பூச்சு, எவ்வளவு வியர்த்தாலும் கை ஓடும். பிறகு நான் மிக மெல்லிய உப்புத்தாளால் கிளாசிக் வைப்பின் பின்பக்கத்தை லேசாகத் தேய்த்து மினுமினுப்பை எடுத்துவிட்டேன். பத்து நிமிட வேலை, ஓரிரு வெள்ளிச் செலவு. அதோடு அந்தத் தொல்லை போயிற்று. (மறுவிற்பனை விலை குறையும் என்பவர்கள் குறைத்துக்கொள்ளட்டும், நான் விற்கப் போவதில்லை.)

அடுத்தது ஃபிரெட், நெக்கின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகள். கிளாசிக் வைப்பில் அவை ஒல்லியாகவும் உயரமாகவும் இருக்கும். கமகம் கொடுக்கத் தந்தியை இழுக்கும்போது விரலுக்குப் பிடி கிடைக்கும். நம் பாட்டுகளுக்கு எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. பிளேயரில் ஒரு ஃபிரெட் அதிகம், 22. முதல் தந்தியில் 21-ல் முடிந்தால் சி ஷார்ப், 22 இருந்தால் டி. அந்த டி இல்லாமல் ஒரு சோலோ நின்றுபோய்த் தந்தியை இழுத்துச் சமாளித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

விலை குறைந்த கிட்டார் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் நெக்கின் ஓரத்தை விரலால் ஒரு முறை தடவிப் பாருங்கள். கடை ஏர்கோனில் மாதக்கணக்கில் கிடந்து மரம் காய்ந்தால் ஃபிரெட்டின் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், உள்ளங்கையைக் கீறும். ஒரு கடையில் இதைக் காட்டியபோது, "பழகிடும் தம்பி" என்றார்கள். பழகாது. வேறொன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

டியூனிங் நிற்பதில் பிளேயர் ஒரு படி மேல், ஒத்துக்கொள்கிறேன். இரண்டு புள்ளிகளில் தாங்கி நிற்கும் அதன் ட்ரெமோலோவை (தந்திகளின் சுருதியை ஆட்டும் பிடி) ஆட்டிவிட்டு விட்டால் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. கிளாசிக் வைப்பில் பழைய பாணியில் ஆறு திருகு. நான் மேடையில் ட்ரெமோலோவைத் தொடுவதே இல்லை, பின்பக்க ஸ்பிரிங்கை இறுக்கி உடலோடு படிய வைத்துவிட்டேன். அப்படி வைத்தபின் இரண்டுக்கும் பெரிய பேதம் இல்லை. மூன்றாவது தந்தி மட்டும் நட்டில் (நெக்கின் தலைப்பக்கம் தந்திகள் படியும் பள்ளமுள்ள சிறு கட்டை) சிக்கி 'டிக்' என்று சத்தம் போட்டது. அந்தப் பள்ளத்தில் பென்சில் முனையைத் தேய்த்துவிட்டேன், சரியாகிவிட்டது.

துரு விஷயத்தில் எந்த விலையும் உதவாது. நம் ஊர் ஈரத்துக்கு மெல்லிய தந்திகள் சீக்கிரமே சொரசொரத்துப் போகும். வாசித்து முடித்ததும் துணியால் துடைத்து, பைக்குள் சிலிக்கா பொட்டலம் போட்டு வையுங்கள்.

கலிபோர்னியாவில் செய்யும் அமெரிக்கன் வரிசையும் உண்டு, விலை பிளேயரைப்போல இரண்டு மடங்குக்குப் போகும். வாசித்துப் பார்த்திருக்கிறேன், அருமை. ஆனால் பந்தி முடிந்து பிள்ளைகள் ஓடியாடும் மண்டபத்தில் அதை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போக மனசு வராது.

கையில் மூவாயிரம் இருக்கிறதா? கிளாசிக் வைப் எடுங்கள். மிச்சத்தில் நூறு, நூற்றைம்பதைக் கிட்டார் சரிபார்ப்பவரிடம் கொடுத்து நெக், நட்டு, தந்தி உயரம் எல்லாவற்றையும் சரிசெய்து வாங்குங்கள். அப்புறம் ஒரு நல்ல ஆம்ப். ஆயிரத்துச் சொச்சம்தான் என்றால் அஃபினிட்டியில் தவறே இல்லை, சரிபார்ப்புச் செலவை மட்டும் விட்டுவிடாதீர்கள். பிளேயர்தான் வேண்டும் என்று மனசு பிடிவாதம் பிடித்தால் பழையதாகத் தேடுங்கள், யாராவது ஊர் மாறும்போது நல்ல விலைக்குக் கிடைக்கும். புதிதாக எடுப்பவர்களுக்கு ஒன்று: பிளேயர் பெட்டியில் பை வராது. பேரம் முடிவதற்கு முன்பே கனமான பஞ்சு வைத்த பையை இலவசமாகக் கேளுங்கள். பணத்தைக் கட்டிய பிறகு கேட்டால் மெல்லிய மழைத்துணிப் பைதான் வரும்.