ஜப்பான் யுனிவர்சிட்டி சீட் என்று சொல்லி ஒன்பதரை லட்சம் வாங்கினார்கள்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

இந்த மாதம் எங்கள் ஊரிலிருந்து இரண்டு பெற்றோர் எனக்குப் போன் செய்தார்கள். இரண்டு பேரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார்கள்: "டோக்கியோவுல யுனிவர்சிட்டி சீட். முதல் ஆறு மாசம் பாஷை சொல்லிக் கொடுப்பாங்க, அப்புறம் நேரா மாஸ்டர்ஸ்." 2022 ஆகஸ்டில் என் அப்பாவிடம் திருச்சியில் ஒரு மாடி அலுவலகத்தில் ஓர் ஏஜென்ட் சொன்னதும் எழுத்துப் பிசகாமல் இதேதான். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் திண்டுக்கல் பக்கம். பி.இ. ஈ.சி.இ. முடித்திருந்தேன். அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணத்தில் மிச்சம் இருந்ததும் அம்மாவின் நகையை அடகு வைத்ததும் சேர்த்து மொத்தம் ஒன்பதரை லட்சம் கொடுத்தோம். அதில் ஐம்பதாயிரம் மட்டும் ஜிபேயில் போனது. மற்றதெல்லாம் ரொக்கம். ரசீது கேட்டதற்கு அந்த ஏஜென்ட், "அய்யா, ஸ்கூல்ல இருந்தே ஒரிஜினல் பில் வரும், நான் எதுக்குத் தனியா தரணும்?" என்றார். அப்பாவும், "சரிங்க தம்பி" என்று எழுந்து வந்துவிட்டார்.

"ஸ்கூல்" என்று அவர் வாயிலிருந்தே வந்தது. எங்களுக்குத்தான் அது காதில் விழவில்லை.

ஜப்பானில் படிக்கப் போகிறவர்கள் முதலில் மூன்று சொற்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். டைகாகு என்றால் பல்கலைக்கழகம். செம்மோன் கக்கோ என்றால் தொழிற்கல்விப் பள்ளி. நிஹோங்கோ கக்கோ என்றால் வெறும் மொழிப் பள்ளி. அங்கே படித்தால் பட்டம் கிடையாது. மூன்றுக்கும் கிடைப்பது ஒரே மாணவர் விசாதான், அதனால் விசாவைப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. மொழிப் பள்ளிகளின் ஆங்கிலப் பெயர்கள் பெரும்பாலும் 'இன்டர்நேஷனல் அகாடமி', 'இன்ஸ்டிட்யூட்' என்றுதான் முடியும். எனக்குக் கிடைத்ததும் ஓர் அகாடமிதான். நம் ஊர் காதுக்கு அது காலேஜாகத்தான் கேட்கும்.

ஜப்பான் குடிவரவுத் துறை தரும் தகுதிச் சான்றை எல்லோரும் சி.ஓ.இ. என்பார்கள். அது இல்லாமல் மாணவர் விசா கிடைப்பது கடினம். அதில் எந்த நிறுவனத்தில் சேர்கிறோம் என்பது இருக்கும். எனக்கு அது 2023 பிப்ரவரி கடைசியிலேயே வந்துவிட்டது என்று பின்னால் தெரிந்தது. ஏஜென்ட் என் கண்ணில் காட்டியது விமானம் ஏற நான்கு நாள் முன்பு. பாஸ்போர்ட்டும் அதுவரை அவரிடம்தான். "விசா வேலை இருக்கும்மா, இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லி வைத்திருந்தார். பாஸ்போர்ட்டை யாரிடமும் விட்டு வைக்காதீர்கள். அது அவர் கையில் இருந்த நாள் முழுக்க எங்களுக்குக் கேள்வி கேட்கவே பயமாக இருந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மொழிப் பள்ளிக்கு விண்ணப்பிக்க என்5 (ஜப்பானிய மொழித் தேர்வின் முதல் படி) தேர்ச்சியோ 150 மணி நேரம் ஜப்பானிய மொழி படித்ததற்கான சான்றோ கேட்பார்கள். நான் போனது மொத்தம் பதினோரு வகுப்பு. 150 மணி நேரம் என்று சான்று அடித்துக் கொடுத்தார்கள். அப்பாவின் வங்கிக் கணக்கில் இரண்டு வாரத்துக்கு வேறு யாருடைய பணத்தையோ போட்டு இருப்புச் சான்று வாங்கி, அப்புறம் எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றார்கள், நானும் கையெழுத்துப் போட்டேன். அது தவறு. மாட்டியிருந்தால் மறுப்பு என் பெயரில்தான் பதிவாகியிருக்கும், அடுத்த விண்ணப்பத்திலும் அது முன்னால் வந்து நின்றிருக்கும். ஏஜென்ட் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை.

2023 ஏப்ரலில் சிபா மாநிலத்தில் போய் இறங்கினேன். முதல் நாள் அலுவலகத்தில், மாஸ்டர்ஸ் வகுப்பு எந்த மாதம் தொடங்கும் என்று கேட்டேன். அங்கே இருந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நேபாளத்துப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார். அவன் என்னைப் பார்த்து இந்தியில் மெதுவாகச் சொன்னான்: "தீதி, இங்கே மாஸ்டர்ஸ் இல்லை. இது பாஷை ஸ்கூல். எல்லாரையும் இப்படித்தான் சொல்லிக் கூட்டி வர்றாங்க." அன்று இரவு வீட்டுக்குப் பேசும்போது இதைச் சொல்லவில்லை. ஐந்து மாதம் சொல்லவில்லை.

பள்ளியைக் குறை சொல்ல மாட்டேன். பாடம் நன்றாக நடத்தினார்கள். எங்கள் வகுப்பாசிரியை இல்லாவிட்டால் நான் திரும்பி வந்திருப்பேன். முதல் வருடக் கட்டணம் 7,80,000 யென் என்ற ரசீதை அவர்தான் எடுத்துக் கொடுத்தார். அன்றைய மதிப்பில் நாலே முக்கால் லட்சம் ரூபாய் சொச்சம். ஆறு மாத விடுதி, டிக்கெட் எல்லாம் சேர்த்தாலும் ஆறரை லட்சம் தாண்டாது. மீதி மூன்று லட்சம் ஏஜென்ட் எடுத்தது. இது போக, மாணவர் ஒருவருக்கு இவ்வளவு என்று மொழிப் பள்ளிகள் ஏஜென்ட்டுக்குத் தனியே தருவதும் அங்கே சகஜம். விடுதி என்பது ஆறு தத்தாமி (ஜப்பானியப் பாய்) அளவுள்ள அறையில் நான்கு பெண்கள், தலைக்கு மாதம் 35,000 யென்.

அதே ஆசிரியைதான் ஒரு நாள் என் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டு, நான்கு வருடப் பொறியியல் பட்டம் இருக்கும்போது ஏன் நேராக முதுகலைக்கு விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டார். ஜப்பானில் தேசியப் பல்கலைக்கழகங்களுக்கு அரசு வகுத்த அடிப்படைக் கட்டணம் வருடத்துக்கு 5,35,800 யென். சேர்க்கைக் கட்டணம் 2,82,000, அது ஒரே ஒரு முறை. அதாவது சேர்க்கைக் கட்டணம் நீங்கலாக, பட்டம் தரும் பல்கலைக்கழகத்தின் ஒரு வருடக் கட்டணம், பட்டம் தராத என் மொழிப் பள்ளியைவிடக் குறைவு. கட்டணத்தில் பாதியோ முழுதுமோ தள்ளுபடி கேட்கவும் வழி உண்டு. ஆங்கிலத்திலேயே முதுகலை நடத்தும் துறைகள் இருக்கின்றன. ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகை கிடைத்தால் கல்விக் கட்டணமும் விமானச் செலவும் அவர்களே தந்து, ஆய்வு மாணவருக்கு மாதம் சுமார் 1,43,000 யென்னும் கொடுக்கிறார்கள். அதற்குத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்க ஒரு பைசா கட்டணம் கிடையாது. சென்னையிலேயே ஜப்பான் துணைத் தூதரகம் இருக்கிறது. இதைக் கேட்டபோது எனக்கு வந்த அழுகை, முதல் நாள் ஏமாந்தது தெரிந்தபோதுகூட வரவில்லை.

(இப்போது சில பல்கலைக்கழகங்கள் கட்டணத்தை உயர்த்துகின்றன. டோக்கியோ பல்கலைக்கழகம் இளங்கலைக்கு 2025 முதல் 6,42,960 யென் ஆக்கிவிட்டது. வெளிநாட்டு மாணவருக்குத் தனிக் கட்டணம் வைக்கவும் 2024-இல் அனுமதி வந்திருக்கிறது. அதனால் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.)

என் அறைத் தோழி நாகர்கோவில் பெண், பி.எஸ்சி. அவளுக்கும் அதே "நேரா மாஸ்டர்ஸ்" வாக்கியம்தான். ஆனால் ஜப்பானில் முதுகலைக்குப் பொதுவாகப் பதினாறு வருடப் படிப்பு கேட்பார்கள். பன்னிரண்டும் மூன்றும் பதினைந்துதான். அவளைப் போன்றவர்கள் முதலில் பல்கலைக்கழகத்திடம் தனித் தகுதிப் பரிசீலனை கேட்க வேண்டும். இதை அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்தது பகுதிநேர வேலை. மாதம் ஒன்றரை லட்சம் ரூபாய் சம்பாதிக்கலாம், வருகிற வருடக் கட்டணத்தை அங்கேயே கட்டிக்கொள்ளலாம் என்றார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாணவருக்கு அனுமதி வாரம் 28 மணி நேரம். பள்ளியின் நீண்ட விடுமுறையில் மட்டும் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வரை. நான் போன சமயம் சிபாவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 984 யென். நான்கு வாரத்துக்கு 1,10,000 யென், சுமார் 67,000 ரூபாய். அறை, சாப்பாடு, ரயில், போன், கட்டாய மருத்துவக் காப்பீடு போனால் கையில் பதினைந்தாயிரம் யென் நின்றால் பெரிது. அடுத்த கட்டணத்துக்கு மாதம் அறுபதாயிரம் யென்னாவது ஒதுக்க வேண்டும். எப்படி முடியும்?

எங்களை விமான நிலையத்தில் வந்து கூட்டிப்போன அந்த ஏஜென்ட்டின் ஆள், "அண்ணான்னு கூப்பிடுங்க" என்று சொன்ன தமிழர், வழி சொன்னார்: இரண்டு கம்பெனியில் சேர்ந்துகொள், யாருக்கும் தெரியாது. தெரியும். விசா நீட்டிப்பின்போது வரிச் சான்று கேட்டால் மொத்த வருமானமும் அதில் நிற்கும். என் வகுப்பில் ஒரு பையனுக்கு அப்படித்தான் நீட்டிப்பு மறுக்கப்பட்டது. இரவு பென்தோ தொழிற்சாலையில் சோற்றுப் பெட்டி அடுக்கிவிட்டுக் காலையில் வகுப்பில் தூங்கி, வருகைப் பதிவும் போய், அவன் ஊருக்குத் திரும்பினான். அவன் வீட்டிலும் கடன்தான்.

ஏஜென்ட்டின் அதே ஆள் அடுத்த வருடம் வந்து, மூன்று லட்சம் கொடுத்தால் ஒரு பல்கலைக்கழகத்தில் 'கென்கியூசெய்' ஆக்கிவிடுகிறேன் என்றார். கென்கியூசெய் என்பது ஆய்வு மாணவர், பட்டப் படிப்பு மாணவர் அல்ல. நல்ல ஆய்வகத்தில் பேராசிரியர் ஏற்றுக்கொண்டால் அது முதுகலைக்கு நல்ல படி. காசு கொடுத்து வாங்கினால் அது விசாவுக்கான சாக்கு மட்டும்தான். டோக்கியோ சமூக நலப் பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டுகளில் சுமார் 1,600 வெளிநாட்டு மாணவர்கள் எங்கே போனார்கள் என்றே தெரியாமல் போனது 2019-இல் பெரிய செய்தியானது. அவர்களில் பலர் இப்படிப்பட்ட ஆய்வு மாணவர்கள். அரசு தலையிட்டது. அப்படிப்பட்ட இடத்தில் பெயர் பதிந்து வைத்தால், விசாரணை வரும்போது மாட்டுவது மாணவர்தான்.

நான் பணம் கொடுக்கவில்லை. ஆசிரியை உதவியோடு பேராசிரியர்களுக்கு நானே மின்னஞ்சல் எழுதினேன். இருபத்து மூன்று பேருக்கு. ஆறு பேர் பதில் போட்டார்கள், ஒருவர் இணையத்தில் பேசினார். தேர்வுக் கட்டணம் 30,000 யென் கட்டித் தேர்வு எழுதி, 2025 ஏப்ரலில் மேற்கு ஜப்பானில் ஒரு தேசியப் பல்கலைக்கழகத்தில் முதுகலை சேர்ந்தேன். பாதிக் கட்டணம் தள்ளுபடி. அந்த மின்னஞ்சல்களைத் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே எழுதியிருக்கலாம். இரண்டு வருடமும் அம்மாவின் நகையும் மிஞ்சியிருக்கும்.

மொழிப் பள்ளிக்கே போக விரும்பினால் போங்கள், அதுவும் நல்ல வழிதான். ஆனால் பள்ளியின் பெயரை ஜப்பானிய எழுத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் பெயரை வைத்துப் பள்ளிக்கே எழுதிக் கட்டணம் எவ்வளவு, விசா கிடைக்காவிட்டால் எவ்வளவு திரும்ப வரும் என்று கேளுங்கள். பணத்தைப் பள்ளியின் கணக்குக்கே வங்கி மூலம் அனுப்புங்கள். 2024 ஏப்ரல் முதல் மொழிப் பள்ளிகளுக்கு ஜப்பான் கல்வி அமைச்சகமே அங்கீகாரம் தரும் புதிய முறை வந்திருக்கிறது, பட்டியலில் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய பள்ளிகளுக்கு அவகாசம் உண்டு என்பதால் பெயர் இல்லாவிட்டால் உடனே போலி என்று சொல்ல முடியாது, பள்ளியிடமே விளக்கம் கேளுங்கள்.

அப்பா திருச்சிக்குப் போய்க் கேட்டபோது அந்த ஏஜென்ட் சொன்னது: "அய்யா, பிள்ளை ஜப்பான் போயாச்சா இல்லையா? எங்க வேலை அதோட முடிஞ்சுது." இப்போது அந்த மாடியில் பலகையின் பெயர் மாறிவிட்டது, ஆள் மாறவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்பதால் 2025 ஜனவரியில் திண்டுக்கல்லிலேயே கொடுத்துவிட்டோம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், ஏஜென்ட் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. எங்கள் கையில் இருப்பது ஐம்பதாயிரத்துக்கான ஜிபே பதிவு, "யுனிவர்சிட்டி" என்று அவர் குரலிலேயே உள்ள இரண்டு வாட்ஸ்அப் ஆடியோ, பள்ளி தந்த ரசீது. 2022, 2023-இல் திருச்சியில் இப்படிப் பணம் கொடுத்தவர்கள் இன்னும் இருப்பீர்கள். உங்களிடம் இருக்கும் ஆடியோவை அழிக்காதீர்கள். போன் மாற்றினால் முதலில் அதை வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். சாட்சி சொல்ல முடியுமென்றால் எனக்கு எழுதுங்கள்.