கூடத்தில் ராக்வூல் பலகைகள்: சில ஆண்டு அனுபவம்

ஸ்பீக்கர் வாங்குபவர்கள் ஒயரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். அறையைப் பற்றி வாயே திறப்பதில்லை. எனக்கு இது பெரிய ஆதங்கம்.

எங்கள் கூடம் 14 அடி நீளம். தரையெல்லாம் டைல்ஸ், மேலே கான்கிரீட். கைதட்டினால் ஓசை சுவருக்குச் சுவர் ஓடி அதிர்ந்துதான் அடங்கும். இந்த நீளத்துக்குச் சுமார் 41 ஹெர்ட்ஸிலும், அதன் இரட்டிப்பான 82 ஹெர்ட்ஸிலும் ஒலி எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே தேங்கி முழங்கும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் கும்கி, அதாவது கையை அழுத்தி எழுப்பும் ஆழ்ந்த நாதம், வழுக்கும்போது ஏதோ ஓரிடத்தில் மட்டும் ஊதிப் பெருத்துக் கேட்கும். எத்தனை விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபயராலும் இதைத் தீர்க்க முடியாது.

ஒலியை உறிஞ்சும் பலகைகளுக்காகத் தச்சரிடம் 4 அங்குல ஆழத்தில் மரச்சட்டங்கள் செய்யச் சொன்னேன். உள்ளே கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல் (பாறையை உருக்கி இழைத்த பஞ்சு), மேலே காடாத்துணி. துணிக்கடையில் ஒவ்வொரு துணியையும் வாயருகே வைத்து ஊதிப் பார்த்துத்தான் எடுத்தேன். விற்பனையாளர் முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினார். காட்டட்டும், மூச்சுக் காற்று தடையின்றிப் புகும் துணியில்தான் ஒலியும் புகும். ராக்வூலைத் தொடும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம், அரிப்பு பொல்லாதது.

பலகையை எங்கே மாட்டுவது என்பதற்கு முகம் பார்க்கும் கண்ணாடிதான் வழி. ஒருவர் சோபாவில் உட்கார வேண்டும், இன்னொருவர் பக்கச் சுவரோடு ஒட்டிக் கண்ணாடியை நகர்த்த வேண்டும். கண்ணாடியில் எங்கே ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கேதான் ஒலி சுவரில் பட்டு நம்மிடம் தெறிக்கிறது, அங்கே பலகை. கண்ணாடி பிடித்த மாமனார், "மாப்பிள்ளை, அலங்காரம் உங்களுக்கா, பெட்டிக்கா?" என்று கேட்டார். மாட்டிய அன்று மாலையே பாடகரின் குரல் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் வந்து நின்றது. அவரும் சத்தமில்லாமல் உட்கார்ந்து கேட்டார்.

இந்தப் பைத்தியத்துக்குப் பெரிய பரம்பரை உண்டு. 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் விரிவுரை அரங்கம் ஒன்று எதிரொலியால் பயனற்றுக் கிடந்தது. சரிசெய்ய வந்த இயற்பியலாளர் வாலஸ் சபைன், சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகச் சுமந்து வந்து பரப்பி, ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, ஓசை அடங்கும் நேரத்தை அளந்தார். இன்றைய அரங்க ஒலியியல் அந்த மெத்தைகளிலிருந்து பிறந்ததுதான்.

குறையும் உண்டு. 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். அதை 4 அங்குலப் பலகை முழுதாக விழுங்காது. மூலைகளில் இன்னும் தடிமனாக நிறுத்தியதும், சோபாவைப் பின்சுவரிலிருந்து முன்னே இழுத்ததும்தான் கைகொடுத்தன. ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் அளவீட்டு மைக் ஒன்றும் இருந்தால் வித்தியாசத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். முட்டை அட்டைகளை ஒட்டச் சொல்பவர்களை நம்பாதீர்கள், தாழ்ந்த சுருதியுள்ள ஒலிக்கு அவை இருப்பதே தெரியாது.

பராமரிப்பு என்றால் தூசி உறிஞ்சுவது ஒன்றுதான். சுவருக்கும் பலகைக்கும் இடையே 2 அங்குலம் இடைவெளி விட்டால் தாழ்ந்த சுருதியுள்ள ஒலி இன்னும் நன்றாகக் கட்டுப்படும். ஆனால் அந்த இடைவெளியில் பல்லிகள் குடியேறிவிடும். எங்கள் வீட்டில் இரண்டும் நடந்தன. இடைவெளியை மூடுவதாக இல்லை.